வெட்ட முடியாத முத்தம்

ஐடெல்லா பதினோரு காதல் படங்களில் நடித்துவிட்டாள். பதினொன்றிலும் வேலைக்காரிதான். காதலுக்கும் அவளுக்கும் உள்ள உறவு காபித் தட்டோடு சரி. அது கூடப் பரவாயில்லை. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவில், மேக்கன் ஊரில் இருக்கும் அவள் அம்மா மொசெல் ஒரு படத்திலாவது மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

திரையில் ஒரு கறுப்பு முகம் வாய் விட்டுச் சிரித்தால் தெற்கத்தித் தியேட்டர்காரர்களுக்குப் பொறுக்காது. கத்தரித்துவிடுவார்கள். அதற்குத் தோதாக ஸ்டூடியோக்காரர்களே அவள் காட்சிகளைத் தனியாக எடுத்து வைப்பார்கள், கறிவேப்பிலையைப் போல எடுத்துப் போட வசதியாக. என்ன கரிசனம் பாருங்கள்!

மேக்கன் சர்ச்சில் லூட்டி என்று ஒரு வாயாடி. "மொசெல் மக நடிக்கிறாளாம்! நெசமாவே எவ வீட்டுலயோ பாத்திரம் தேய்க்கிறா. படம் பூரா தேடிட்டேன், ஆளையே காணோம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மொசெல் சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அடுத்த படத்தில் எப்படியாவது முகம் காட்டியே தீருவது என்று ஐடெல்லா முடிவு செய்தாள்.

பன்னிரண்டாவது படத்தில் ஒரு நாய் இருந்தது. பெயர் டச்சஸ், குணம் ராட்சசி. கடைசி முத்தக் காட்சியில் அது கதாநாயகி மடியில் சாதுவாக உட்கார வேண்டும். அதுவோ கதாநாயகனை மூன்று முறை கடித்தது. ஐடெல்லா வந்து தூக்கினாள்; நாய் பெட்டிப் பாம்பாய் அடங்கியது. ஒரு வாரமாக அவள் ஏப்ரன் பையில் நாய்க்கென்றே வறுத்த கோழி இருந்தது யாருக்குத் தெரியும்?

டைரக்டர் ஃபார்ன்ஹாம் தலையைச் சொறிந்தார். "உன்கிட்ட மட்டும் எப்படிம்மா அடங்குது?"

"என் முகம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும் சார்."

"எவ்வளவு தூரத்துல நிப்ப?"

"கேமராவுக்குள்ள வர்ற தூரத்துல சார்."

முத்தமிட்ட இரண்டு தலைகளுக்கும் பின்னால், நடுவில் முகம் தெரியும்படி, நாயை அணைத்தபடி நின்றாள்.

"சிரிக்காத!" என்று கத்தினார் ஃபார்ன்ஹாம்.

"சிரிக்கலைன்னா நாய் பயப்படும் சார்."

இனி தியேட்டர்காரன் எப்படி வெட்டுவான்? முத்தம் இல்லாமல் காதல் படமா?

படம் மேக்கனுக்குப் போன வாரம், பாதிரியார் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"பாத்தியாம்மா?"

"என்னத்தப் பாக்க? ஜோடி ரெண்டும் சண்டை போட்டுச்சுங்க. படம் முடிஞ்சிருச்சு."

பாவிகள், முத்தத்தையே வெட்டிவிட்டார்கள்! ஐடெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அடியே, முழுசாக் கேளு! கீழ உக்காந்திருந்த வெள்ளைக்காரங்க விடுவாங்களா? 'முத்தம் எங்கடா'ன்னு பாப்கார்னை வீசி, நாற்காலியை உடைச்சு, மேனேஜர் சட்டையப் புடிச்சுட்டாங்க. மறுநாளே ஒட்டிப் போட்டுட்டான். லூட்டியக் கையோட இழுத்துட்டுப் போய், நம்ம கறுப்பு ஜனத்துக்குன்னு ஒதுக்கின மாடியில உக்காந்தேன்."

"லூட்டி என்ன சொன்னா?"

"அவளா? 'நம்ம மொசெல் மக'ன்னு இப்ப ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. ஆமா, நாய்க்குக் கோழி குடுத்தேன்னு எழுதியிருந்தியே, நீ சாப்பிடறதில்லையா? இப்படி இளைச்சுட்ட?"

ஐடெல்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கும் போறேன்டி."

"அதான் பாத்துட்டியேம்மா?"

"எங்க பாத்தேன்? நீ வந்ததும் கண்ணு நெறஞ்சு போச்சு. ஒண்ணுமே சரியாத் தெரியல."