சின்னப் பெட்டி

பெரிய பெட்டி வைத்து ஓட்டினால் கணினிக்கு ஆறு வாரம் ஆகும். சின்னப் பெட்டிக்கு நான்கே நாள். மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் சின்னதை எடுத்தாள். அவசரம் யாரை விட்டது?

உலோகத்தைத் தொடாமலே அது எப்போது உடையும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. சில ஆயிரம் அணுக்களைத் திரையில் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதையே நாலாபுறமும் நகலெடுத்து அடுக்கி, இதுதான் முழு உலோகம் என்று கணினியை நம்பவைப்பார்கள். பெட்டியிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கி ஓட்டை போட்டாள். உலோகத்துக்குள் ஓட்டைகள் ஒன்றையொன்று இழுப்பதாகக் கணக்கு காட்டியது. அதை வைத்து, இந்தக் கலவை இவ்வளவு தாங்கும் என்று ஓர் எண் சொன்னாள். கட்டுரை வந்தது, கைதட்டலும் வந்தது.

அவளுடைய பணி நீட்டிப்பை முடிவு செய்யும் கூட்டம் நாளை மறுநாள். எதற்கும் இருக்கட்டுமே என்று பெரிய பெட்டியில் ஓட்டியிருந்த கணக்கு இன்று காலை முடிந்தது. இழுப்பே இல்லை. சின்னப் பெட்டியில் அந்த ஓட்டை, சுவருக்கு அப்பாலிருந்த தன் நகலையே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் வேறு யாருமே இருந்ததில்லை.

அக்காவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. என் கணக்க யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லக்கா."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு. இந்த வேலையும் போச்சுன்னா எங்கடி போவே?"

அக்கா சொன்னதில் தப்பில்லை. ஆனால் யாரும் பார்த்ததில்லை என்று தன் வாயாலேயே சொன்னதுதான் அவளைச் சுட்டது.

அதுவும் முழு உண்மை இல்லை. ஒருவர் பார்த்திருந்தார். எதிர்க் கட்டடத்து உலைக்கூடத்தில் அந்தக் கலவையை உருக்கி, கம்பியாக வார்த்து, இழுத்து உடைத்துப் பார்ப்பவர். எண் பொருந்தவில்லை, நேரில் பேசலாமா என்று ஆறு முறை எழுதியிருந்தார். உங்கள் அளவீட்டைச் சரிபாருங்கள் என்று ஆறு முறையும் ஒற்றை வரியில் கைகழுவியிருந்தாள். பெரிய மேதாவி!

படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, முதல்முறையாக உலைக்கூடத்துக்குள் போனாள். அங்கிருந்த பெண் கையுறையைக் கழற்றினாள்.

"அவரா? போன வாரமே வேலைய விட்டுட்டாரு மேடம். எந்தக் கம்பியும் கட்டுரையில சொன்ன எண்ணுக்கு வரல, இனிமே என் கைய நம்ப முடியாதுன்னு சொன்னாரு. இருபது வருஷக் கை."

அவருடைய போன் எண்ணை வாங்கி, வாசலில் நின்றே அவரைக் கூப்பிட்டாள்.

"தப்பு உங்க கையில இல்ல சார். என் கணக்குலதான். இன்னைக்கே மேலிடத்துல சொல்லிடறேன். நீங்க திரும்பி வந்துடுங்க."



"என் இடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்கம்மா" என்றார். பிறகு, "சொன்னா உங்க வேலை என்ன ஆகும்?"

"போயிடும் சார்."

திட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

அந்த வளாகத்தில் அவளை யாரும் கேட்டிராத கேள்வி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.