சஜீவனின் கெப் நேராகப் போகிறது

கெப் வண்டி வரும் சத்தம் கேட்டதும் மெரினா தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்துவிடுவாள். அங்கே கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு அவளுடைய தங்கையின் புருசன் சஜீவன் அந்த மணல் ஒழுங்கையால்தான் பெரிய ரோட்டுக்குப் போகவேண்டும். மெரினா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பின் சில்லைத்தான் பார்ப்பாள். சில்லுக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையுமென்றால் அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் சாளை மட்டும்தான். விரல்கூட நுழையாமல் பின்பக்கம் குந்தி, மூக்கு வானத்தைப் பார்க்கப் போனால் பாரை, சூரை, அறுக்குளா என்று பெரிய மீன்பாடு. அப்படிப்பட்ட நாட்களில் அவளுடைய தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறிப்போகும்.

அவள் புருசன் நிரோசனும் கெப்பில் மீன் ஏற்றுகிறவன்தான். அவனுடைய வண்டி பழசு. வெறும் ஐஸ் பெட்டிக்கே குந்திவிடும். அதில் மெரினாவுக்கு ஓர் இரகசியப் பெருமை இருந்தது. பார்க்கிறவர்கள் நிறைய மீன் போகிறதென்று நினைப்பார்கள் அல்லவா. ஆனாலும் உள்ளே மீன் குறைவு என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்கும் தங்கை அனுஷ்காவுக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார்கள். அனுஷ்காவுக்குத்தான் அது வடிவாக இருக்கும். இப்போதும் அப்படித்தான். ஒரே கடல், ஒரே கரை, பெரிய பாடு மட்டும் அவளுக்கு.

மெரினாவிடம் இருந்த ஒரே பலம் பேதுருப் பெரியப்பாவின் பெரிய வள்ளம். அதன் மீன் முழுவதும் நிரோசனுக்கு. மூத்த மகளின் பங்கு அது என்று அவளே போய் அழுது வாங்கியது.

ஒருநாள் காலையில் நிரோசன் பல் தீட்டிக்கொண்டே சொன்னான்.

"சஜீவன் வண்டிய மதுரங்குளி கராஜுக்குக் குடுத்திருக்கான். இஸ்ஹாக் நானா ஸ்பிரிங் மாத்துறாராம்."

"ஏன், உடைஞ்சிட்டா?"

"முன்னுக்கும் பின்னுக்கும் மாத்துறானாம்." வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டான். வண்டிக் கதை அவளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பான்.

கெப் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் அது அவள் படலையைக் கடந்தபோது மெரினா கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் ஒரே நேராக, மேசைப் பலகை வைத்தமாதிரிப் போனது. சில்லுக்கு மேலே தாராளமாக ஒரு கை நுழையும். அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும். பின்னேரத்தில் தங்கை வீட்டு வளவில் நிற்கும்போது பார்த்தால் இன்னும் கேவலம்: பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முகம் குப்புற விழப்போகிறமாதிரி நின்றது. 'காசைக் கரைச்சு வண்டியையும் கோணலாக்கிப் போட்டான்' என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் வைத்த கறிகளில் உப்புச் சரியாக இருந்தது. வேலியோரம் நின்று கோழிகளோடுகூடச் சிரித்துக் கதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அனுஷ்கா பழைய சீலையோடு வந்திருந்தாள். மெரினா அவள் தோளில் கைபோட்டாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு போட்ட கை.

"மெலிஞ்சு போனாய் தங்கச்சி."

"ஓய்வில்ல அக்கா. விடிஞ்சா வேலை."

மறைக்கிறாள், பாவம், என்று மெரினாவின் நெஞ்சு உருகியது. இரக்கம் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பூசை முடிய வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்கு நடந்தாள். பேதுருப் பெரியப்பா வள்ளத்து நிழலில் இருந்தார்.

"பெரியப்பா, பெரிய வள்ளத்து மீன இனிச் சஜீவனுக்குக் குடுங்க."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "என்ன மகள், கோயில்ல சாமியார் ஏதும் சொன்னவரா? அத விட மாட்டன் எண்டு இந்த மண்ணில இருந்து கத்தினவள் நீதானே?"

"அதுகள் கஷ்டப்படுதுகள். வண்டி வெறுமையாப் போகுது. நான் ஒவ்வொரு நாளும் காணுறன்."

"அவன் என்னட்ட கேக்கேல்லயே."

"கேக்க மாட்டான். வெக்கம்."

"நிரோசனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுவன்."

"யோசிச்சுச் சொல்லு. சோளகக் காத்து கிளம்பும் வரைக்கும் ஒரே பேச்சுத்தான். இண்டைக்கு இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு எண்டு மாத்த எனக்கு ரெண்டு வாய் இல்ல."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

திரும்பி வரும்போது அவளுக்கு உடம்பே பாரமில்லாமல் இருந்தது. கொடுக்கிற கை தன்னுடையது என்ற நினைப்பு வீடுவரை கூடவே வந்தது. நிரோசனிடம் அன்று சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் சஜீவனின் கெப் கடந்து போகவில்லை, படலையடியில் நின்றது. அனுஷ்கா இறங்கி ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். கையில் ஒரு முழுப் பாரை.

"நீதான் சொன்னனியாம். பெரியப்பா சொன்னவர். அக்கா, நான் உன்னைப் பிழையா நினைச்சிருந்தன்."

"கஷ்டத்துல உதவாட்டி என்ன சகோதரம்?" என்றாள் மெரினா.

சஜீவன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "கஷ்டமா? குறிஞ்சிப்பிட்டி வள்ளங்கட மீன ஏத்தவே இடம் காணாது அக்கா. இப்ப இதுவும் சேர்ந்திட்டு. நல்ல வேளை ஸ்பிரிங் மாத்தினது."

"வெறுமையாத்தானே போகுது..."

"எது, இதுவா?" அவன் இறங்கி வந்து மீனை மூடியிருந்த படங்கைத் தூக்கிக் காட்டினான். பெட்டிக்கு மேல் பெட்டி. நெருக்கியடித்த ஐஸுக்குள் மீன் வால்கள். "முந்தி லோட் ஏத்தினா லைட் தென்னை வட்டுக்குத்தான் அடிக்கும். எதிர வாறவன் ஏசிக்கொண்டு போவான். இஸ்ஹாக் நானா முன்னுக்குப் புதுச் சுருள் போட்டு, பின்னுக்கு ஸ்பிரிங் பட்டை கூட்டி, உப்பு மூட்டை ஏத்தி வச்சுத்தான் மட்டம் பார்த்தவர். வெறுமையா நிண்டாத்தான் இப்ப பின்பக்கம் தூக்கும். இப்பிடி நேரா நிண்டா நிறைஞ்சிட்டு எண்டு அர்த்தம்."

மெரினா பாரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அது சறுக்கியது. அவளுக்குப் பின்னால் நிரோசன் வந்து நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"பெரிய வள்ளம் இவனுக்கா?" என்று கேட்டான். "நீயா சொன்னனி?"

"ஓம்."

"ஏன்?"

அனுஷ்கா அக்காவின் முகத்தையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எதைச் சொல்வது? "தங்கச்சிதானே" என்றாள் மெரினா. குரல் வேறு யாருடையதோ போல் வந்தது.

நிரோசன் அவளை ஒருதரம் பார்த்தான். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

சஜீவனின் கெப் நேராக, ஆட்டமில்லாமல், ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது. அது போன இடத்தில் மணல் இரண்டு வாய்க்காலாகப் பிளந்து கிடந்தது. மெரினா செருப்பைக் கழற்றி ஒரு காலை அதற்குள் வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரை இறங்கியது. கீழே மணல் ஈரமாய், குளிராய் இருந்தது.

பின்னால் நிரோசன் தன் வண்டியை உறுமவிட்டான். அவள் காலை எடுத்து வேலியோரம் ஒதுங்கினாள். வெறும் பெட்டிகள் கடகடக்க, வேறு கரையில் மீன் தேடி அவன் ஒழுங்கையில் ஏறினான். சில்லுகள் அந்தத் தடத்துக்குள் வழுக்கி விழுந்தன. அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். அவை மேலே ஏறவில்லை. முடக்கு வரை அந்தத் தடத்துக்குள்ளேயே, அது இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தான்.