திருவிருந்துக்கு முன் எழுந்து போகிறவள்

மாதத்தின் முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்து பாட்டின் இரண்டாம் சரணம் தொடங்கும்போது அவள் எழுந்துவிடுவாள். முதல் இரண்டு வருடம் வயிற்றுவலி என்றாள். பிறகு, திருவிருந்து நேரத்தில் பின்னறையில் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போதகர் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அன்றிலிருந்து பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெரியவர்கள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிக்கொள்ளும் நேரத்தில் அவள் பதினாறு பிள்ளைகளுக்கும் உடைந்த வண்ணக்குச்சிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் கத்தக் கத்த அவளுக்கு நிம்மதி. தனக்குரிய பங்கையும் விட்டுக்கொடுத்து ஊழியம் செய்கிற சகோதரி என்று ஒருமுறை போதகர் மேடையிலிருந்தே புகழ்ந்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

தகுதியில்லாமல் எடுக்கிறவர்கள் தங்கள் தண்டனையையே எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று போதகர் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். மற்றவர்கள் அதை மழை வரும் என்ற வானிலை அறிக்கை போலக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். அப்பம் நாக்கில் பட்ட இடத்திலேயே செத்து விழுவோம் என்று நினைத்தாள். ஜெபமும் கூட்டத்தோடு சேர்ந்து உரக்கச் செய்தால்தான் வரும். வீட்டில் தனியாக இருக்கும்போது குழாயைச் சும்மா திறந்துவிடுவாள், வானொலியைப் போடுவாள். சத்தம் நின்றால் போதும், யாரோ வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல இருக்கும். வந்தவர் எதுவும் கேட்பதில்லை. அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் வேலை பார்ப்பது மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் பிரிவில். ரத்தம் காய்ந்த கத்திரிகளும் இடுக்கிகளும் மேலிருந்து கூடைகளில் இறங்கும். தேய்த்துக் கழுவி, விளக்கு வைத்த உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, பச்சைத் துணியில் இரண்டு சுற்றாகக் கட்டி, டேப் ஒட்டி, கட்டியவர் தன் முதலெழுத்தை அதன்மேல் எழுதுவார். பிறகு நீராவி இயந்திரத்துக்குள் போகும். டேப்பில் உள்ள வெளிறிய கோடுகள் உள்ளே போதிய சூட்டில் கன்னங்கரேலென்று மாறும். மாறாவிட்டால் பொதி மேலே போகக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பிரிவில் அவளுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். கத்திரியின் மூட்டில் கடுகளவு கறை இருந்தாலும் மொத்தக் கூடையையும் திருப்பி அனுப்புவாள். அதனால் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரே சபையும்கூட. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும், சபையில் பாடச் சேர்த்துவிட்டதும் பூதக்கண்ணாடிதான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதியம். பூதக்கண்ணாடி காலைப்பணி முடித்துக் கிளம்பியிருந்தாள். இயந்திரம் பாதிச் சுற்றில் இருக்கும்போது மின்சாரம் போய் வந்தது. வெளியே எடுத்த பொதியில் கோடுகள் தேநீர் நிறத்தில் நின்றிருந்தன. மறுபடி ஓட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று மாலை சபையில் பாடல் பயிற்சி. முதல்முறையாக அவளுக்குத் தனிப்பாட்டு கொடுத்திருந்தார்கள். காலையில் பயன்படுத்திப் பிரித்த பொதியின் துணி மூலையில் கிடந்தது. அதில் கறுத்த டேப் அப்படியே இருந்தது. அவள் அதை நகத்தால் மெல்ல உரித்தெடுத்தாள். புதிய பொதியிலிருந்த டேப்பைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் இதை ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

அந்தப் பொதியிலிருந்த கருவிகளால் ஒரு பெயின்டருக்கு முழங்காலில் அறுவை செய்தார்கள். மூன்றாம் நாள் சீழ் பிடித்தது. மூன்றாம் வாரம் தொடைக்குக் கீழே காலை எடுத்தார்கள். விசாரணையில் டேப்பை மேசைமேல் வைத்தார்கள். அதில் இருந்தது பூதக்கண்ணாடியின் முதலெழுத்து. உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று அவளையும் கேட்டார்கள். தெரியாது என்றாள். பூதக்கண்ணாடி வேலையை இழந்து, மாணவர் விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவப் போனாள். உருப்பெருக்கி விளக்கின் முன்னால் இருந்த நாற்காலி அவளுக்கு வந்தது. இப்போது அவள்தான் பிரிவின் மேற்பார்வையாளர்.

முதலெழுத்தை நான் பார்க்கவில்லை, ஆண்டவரே. கடவுளிடம் அவள் தனியாகச் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். அதையும் குழாய்ச் சத்தத்தில் சொன்னாள்.

இந்த வருடம் அவள் கணவனைச் சபையின் மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆட்களை நிறுத்திவைத்து, போதகரைவிட அதிகம் பேரைத் தான் ஜெபிக்கவைத்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். புதிய மூப்பரும் மனைவியும் அந்த மாதத் திருவிருந்தில் முதலாவதாக வந்து முழங்காலிட வேண்டும். அதுதான் சபையின் முறை. பின்னறைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று அவன் மகிழ்ச்சியோடு வந்து சொன்னான். அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்தால் சாவு. எடுக்காவிட்டால் ஏன் என்று முழுச் சபையும் கேட்கும்.

சனிக்கிழமை மதியம் அவள் பூதக்கண்ணாடியின் வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு துணிகள். பூதக்கண்ணாடி கட்டிலில் உட்கார்ந்து விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். சோடாத்தூளில் வெந்து ஒவ்வொரு விரலும் கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. ஒரு வெடிப்பை விரித்து, களிம்பை உள்ளே அழுத்தி, அடுத்ததற்குப் போனாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அந்த டேப்பை ஒட்டினது நான்."

"தெரியும்."

நான்காவது விரல் முடிந்து ஐந்தாவது தொடங்கியது.

"எப்போலேர்ந்துக்கா?"

"விசாரணை அன்னிக்கே. என் எழுத்துதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஓரத்துல ரெண்டு சுருக்கம் இருந்துச்சு. உரிச்சு ஒட்டின டேப்பு. நான் கிளம்பின பிறகு அங்கே இருந்தது நீ. ஒரு கறையைப் பார்த்தாலே விடமாட்டேன், அதை விடுவேனா?"

விசாரணையில் அதைச் சொன்னாளாம். வேலை போகிறவள் எதையாவது சொல்லத்தான் செய்வாள் என்று சிரித்தார்களாம். அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லையாம். ஏன் என்று அவள் கேட்டாள்.

"உன்னைப் பிடிச்சுக் குடுத்தா ஒருநாள் கூத்து. விட்டுவெச்சா ஆயுசுக்கும் வரும்." பூதக்கண்ணாடி களிம்பின் மூடியை நிதானமாகத் திருகி மூடினாள். "கோயில்ல எதுக்கு மூணாவது தூண்கிட்ட உக்கார்றேன்னு நினைச்சே? அங்கேர்ந்துதான் பக்கத்து வாசல் தெரியும். மாசம் தவறாம, பாட்டு ரெண்டாவது சரணம் வந்ததும் நீ கைக்குட்டையை எடுத்துக்கிட்டு ஓடுவே பாரு. அதைப் பார்க்கத்தான் நான் குளிச்சு, துணி மாத்தி, ரெண்டு பஸ் ஏறி வரேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்தது.

"கால் போனவன் வீடு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றாள்.

"எனக்குத் தெரியும். முதல் தடவை போனப்போ அவங்கம்மா தண்ணிய மூஞ்சில ஊத்தினா. இப்போ ஊத்தறதில்ல. கதவைத் திறந்துட்டு உள்ளே போயிடுவா. செய்யாத குத்தத்துக்கு நான் போயிட்டு வரேன். நீ மேடையில நிக்கப் போறே."

இங்கே குழாய் இல்லை, வானொலி இல்லை. கீழே தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்பியது. அதுவும் ஓய்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பூதக்கண்ணாடி. "எழுத்தைப் பார்த்தியா? என்னோடதுன்னு தெரிஞ்சு ஒட்டினியா, தெரியாம ஒட்டினியா?"

பார்க்கவில்லை என்ற வாக்கியம் பழக்கத்தால் நாக்குவரை வந்துவிட்டது. பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன வாக்கியம். அப்போது அவளுக்குத் தெரிந்தது, வழக்கமாக முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பவர் இங்கேயும் வந்திருக்கிறார் என்று. ஓடுவதற்குக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் அசையவில்லை. வந்தவரும் அவளைத் தொடவில்லை, அவசரப்படுத்தவில்லை. எப்போதும்போலக் காத்திருந்தார்.

"பார்த்தேன்" என்றாள். "உங்க எழுத்துன்னு பார்த்துத்தான் ஒட்டினேன். என்னோடதா இருந்தா ஒட்டியிருக்க மாட்டேன்."

மேலே இருந்து எதுவும் விழவில்லை. பூதக்கண்ணாடியின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. அவளும் இதை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை போலிருந்தது.

"மன்னிப்புன்னு கேட்டுடாதே" என்றாள் கடைசியில். "என்கிட்ட இல்ல. அவர்கிட்ட போய் வாங்கிக்கோ. அவர் கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கறவர். நான் அப்படிப்பட்டவ இல்ல."

பெயின்டரின் முகவரியை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். வெடித்த விரல்களுக்குள் பேனா வழுக்கியது.

மாலையில் அவள் கணவனிடம் சொன்னாள். அவன் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கடைசிவரை கேட்டான், ஆனால் இஸ்திரியை நிறுத்தவில்லை. இரண்டாவது கையையும் தேய்த்து மடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பதினோரு வருஷம் பொறுத்த கடவுள் இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா? நாளைக்கு முடியட்டும்."

அவள் அலமாரியிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். அது அவனை உசுப்பியிருக்க வேண்டும். பழையபடி வயிற்றுவலி என்று சொல்லிவிடேன், அதற்குத்தான் நீ பேர்போனவளாயிற்றே என்றான். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். குழாயைத் திறக்கவில்லை. எழுதி முடிக்கும்வரை அந்த அறையில் அவள் தனியாக இல்லை. அது இப்போது அவளை நடுங்கவைக்கவில்லை. குற்றவாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுத்துப்பிழைகளைத் திருத்தும்வரை பொறுத்திருக்கிற ஒருவரைக் கண்டு எப்படி நடுங்குவது?

மறுநாள் ஆராதனைக்கு முன் கடிதத்தின் படியைப் போதகரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். மூப்பர் பொறுப்பேற்பை இன்று வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கும் பிள்ளைங்களோட இருந்துக்கறீங்களாம்மா?"

"இல்லங்கய்யா. இன்னைக்கு உள்ளேயே இருக்கேன்."

உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அவர் அங்கியை மாட்டிக்கொண்டார்.

பொறுப்பேற்பு தள்ளிவைக்கப்பட்டது என்று அறிவித்ததும் பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் கணவன் தேய்த்த கோட்டோடு கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் முடிந்தது. பாட்டின் இரண்டாம் சரணம் வந்தது, போனது. அவளுடைய கை கைக்குட்டையைத் தேடிப்போய்த் திரும்பி வந்தது. தகுதியில்லாமல் எடுக்கிறவர்களைப் பற்றிய எச்சரிக்கையைப் போதகர் வழக்கத்தைவிட மெல்லப் படித்தார், அவளைப் பார்க்காமல்.

அவள் எழுந்து முன்னே நடந்தாள். பதினோரு வருடத்தில் அந்த நேரத்தில் கோயிலின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. மரக்கிராதியின் முன் முழங்காலிட்டாள். வலப்பக்கம் வந்த கணவன் அவளைக் கண்டதும் நான்கு பேர் தள்ளிப் போய் முழங்காலிட்டான். அவளை அடுத்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யாரும் வரவில்லை.

பிறகு யாரோ வந்தார்கள். களிம்பின் வாசனை வந்தது.

"நடுங்கறியான்னு கிட்டேர்ந்து பார்க்க வந்தேன்" என்று பூதக்கண்ணாடி காதருகில் சொன்னாள். "நடுங்கலையே."

"இல்லக்கா."

"கால் போனவன் வீட்டுக்கு?"

"நாளைக்குக் காலையில. ஆஸ்பத்திரிக்கு அப்புறமா."

போதகர் தட்டோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். கிராதியின் மேல் நான்கு கைகள் விரிந்திருந்தன. அவளுடையவை அசையாமல் இருந்தன. பக்கத்தில் வெடித்துச் சிவந்த இரண்டு கைகளும் கிராதியில் தட்டிச் சத்தம் கேட்கும் அளவுக்கு நடுங்கின. போதகர் பூதக்கண்ணாடியின் முன்னால் நின்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. "வாங்கம்மா, எத்தனை வருஷம் ஆச்சு நீங்க அப்பம் வாங்க வந்து" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாதந்தவறாமல் வெளியே ஓடிப்போனவளுக்கு, அதன்பிறகு உள்ளே யார் எழுந்தார்கள், யார் மன்னிக்க முடியாமல் தூணோடு ஒட்டிக்கொண்டே இருந்துவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்து, தன் கைகளை விரித்தபடியே வைத்திருந்தாள்.

பூதக்கண்ணாடி கைகளை மடக்கி இழுத்துக்கொண்டாள். கிராதியைப் பற்றி எழுந்தாள். போதகர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்து வந்து, விரித்தபடியே இருந்த அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். மெல்லியது, காய்ந்தது, எடையே இல்லாதது. அவள் அதை வாயில் இட்டாள். அது மெதுவாகக் கரைந்தது.

முதுகுக்குப் பின்னால் காலடிகள் வேகவேகமாகப் பக்கத்து வாசலை நோக்கிப் போயின. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சபை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.