டோக்கன் இல்லாத செருப்பு

அஸ்தினாபுரம் சுப்பராயலுவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொண்ணூற்றிரண்டில் அஸ்தினாபுரத்தில் அப்படி ஓர் இடத்தைத் தேடவே நாலு நாள் நடக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதென்று முடிவு செய்தார்.

முதல் ஞாயிறு விடியற்காலையிலேயே செருப்பு வார் அறுந்து தொலைத்தது. ஊக்கு போட்டுப் பார்த்தார்; காலைக் குத்தியது. பக்கத்திலேயே பளபளவென்று, லீவில் வந்திருந்த மச்சான் சிட்டிபாபுவின் துபாய் செருப்பு.

"என் தம்பி செருப்ப மட்டும் தொட்டுடாதீங்க" என்று மனைவி தையல்நாயகி முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை. போன லீவில் மச்சானின் பாரின் டார்ச் லைட்டை இரவல் வாங்கிக் கிணற்றில் போட்டவர் இவர்தான். சிட்டிபாபு கோபித்துக்கொண்டு போய், மூன்று வருஷம் அக்காவுக்கு ஒரு கடுதாசி போடவில்லை. தபால்காரர் மணியடிக்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடியது சுப்பராயலுவுக்கு இன்றைக்கும் உறுத்தல். இன்னொரு தடவை அப்படி ஆகக்கூடாது. ஆனாலும் மச்சான் எழுந்திருக்க ஒன்பது மணியாகும், அதற்குள் திரும்பிவிடலாம் என்று மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆசை யாரை விட்டது.

கடலை ஒட்டி நீளமாக சிமெண்டுப் பாதை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரு கல் தடுக்காது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் தானே உருட்டிக்கொண்டு ஜம்மென்று போனார். இரவல் செருப்பு தேயக்கூடாதே என்று சுப்பராயலுவுக்குக் கவலை. அதோடு, சொந்தமாக வீடு கட்டியவனுக்கு இத்தனை வழவழப்பான தரையில் செருப்போடு ஏற மனசு வருமா? பாதை தொடங்கும் இடத்தில் ஓரமாகக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்தார்.

நடக்க நடக்கச் சுகமாக இருந்தது. அந்தக் கோடி வரை போய், கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்தால் அங்கே நாற்பது ஜோடி செருப்பு. ஒரு ஜோடி கிடப்பதைப் பார்த்து ஓர் அம்மா கழற்றியிருக்கிறாள், அவளைப் பார்த்து அடுத்தவர், அப்படியே எல்லாரும். நம் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும். நடுவே சுண்டல் விற்கும் சவுரிமுத்து, கூடையை ஓரங்கட்டிவிட்டு, அட்டையைக் கிழித்து நம்பர் போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"டோக்கன் கீதா சார்?"

"இல்லப்பா. முதல்ல வெச்சதே நான்தான்."

"அல்லாரும் அத்தான் சொல்றாங்கோ."

"என்னைப் பாத்துதான் எல்லாரும் கழட்டினாங்க."

பின்னால் நின்ற ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் பேசறீங்க? இது காலங்காலமா உள்ள வழக்கம்."

அப்போது பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒருவன் நொண்டி நொண்டி வந்தான். காலில் ஊக்கு போட்ட செருப்பு. சிட்டிபாபு.

"அக்காதான் மாமாக்குத் துணையாப் போடான்னு எழுப்பி அனுப்பிச்சாங்க" என்ற சிட்டிபாபுவின் கண் குவியலில் போய் நின்றது. "மாமா, அது என் செருப்பில்ல?"

"அது வந்து மச்சான்…"

"ஒரு செருப்புக்கு ரெண்டு பேரா?" என்றான் சவுரிமுத்து. "அடையாளம் சொல்லுங்கோ."

"துபாய்ல வாங்கினது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சவுரிமுத்து செருப்பைத் திருப்பினான். அடியில் ஒட்டியிருந்த சீட்டை உரக்கப் படித்தான். "தாம்பரம் மார்க்கெட். அறுவத்தஞ்சு ரூபா." படித்துவிட்டுச் செருப்பை மறுபடி கீழே வைத்தான். "நீங்க சொல்ற செருப்பு இது இல்ல. நவுருங்கோ."

சிட்டிபாபு தரையைப் பார்த்தான். அப்புறம் நாற்பது பேர் கேட்கச் சொன்னான்: "தாம்பரத்துலதாம்பா வாங்கினேன். ஊருக்கெல்லாம் வாங்கினதுல எனக்குன்னு கையில ஒண்ணும் நிக்கல."

சுப்பராயலு செருப்பை வாங்கி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தச் சீட்டைப் பிய்த்துப் போட்டார். "டார்ச்சுக்கு இதோட சரியாப் போச்சா மச்சான்?" என்றார். சிட்டிபாபு சிரித்துவிட்டான். செருப்பை இரவல் எடுத்தது, தாம்பரத்தில் வாங்கியது, இரண்டையுமே அக்காவிடம் சொல்வதில்லை என்று பஸ்ஸில் ஒப்பந்தம். சிட்டிபாபு தன் செருப்பையும் சுப்பராயலு ஊக்குச் செருப்பையும் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

தம்பி குளிக்கப் போனதும் தையல்நாயகி வாசலுக்குப் போனாள். அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, கணவருக்குக் காபியை நீட்டினாள்.

"சீட்டப் பிச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு" என்றாள் மெதுவாக. "நீங்க பாத்தா அவனக் கிண்டல் பண்ணுவீங்கன்னுதான் தொடாதீங்கன்னு சொன்னேன்."