மணல் மூட்டை எழுந்திருக்காது

உட்கார்ந்தே சாப்பிடுகிறவன் என்று யாரையாவது ஏசினால் அவனுக்கு ரோஷம் வரும். நம்ம ஆளுக்கு வராது. அவருக்கு உத்தியோகமே அதுதான். நாற்காலித் தொழிற்சாலையில் செய்து முடித்த ஒவ்வொரு நாற்காலியிலும் அவர் உட்காருவார். சாய்வார், ஒருபக்கமாக ஒருக்களிப்பார், கால்மேல் கால் போட்டுப் பார்ப்பார். பிறகு "சரி" என்பார், இல்லாவிட்டால் "ஆடுது" என்பார். அவர் முத்திரை குத்தினால்தான் நாற்காலி வாசலைத் தாண்டும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ஆசனம்.

இந்தச் சிம்மாசன வாழ்வுக்குச் சனி பிடித்தது, சொந்த மாப்பிள்ளையே அந்தப் பிரிவுக்கு மேலாளராக வந்தபோது.

மாப்பிள்ளை தங்கமானவர். மகளைக் கட்டிய நாளிலிருந்து மாமனார் எதிரே உட்கார்ந்ததில்லை. இவர் மகள் வீட்டுக்குள் தலையை நீட்டினால் போதும், சோபாவில் இருக்கிற மனுஷன் வாரிச்சுருட்டி எழுந்து, "வாங்க மாமா" என்று சுவரோரம் நின்றுவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. இவர் கிளம்புகிற வரைக்கும் நிற்பார். "எங்க மாப்பிள்ளை மாதிரி மரியாதை தெரிஞ்சவர் உண்டா?" என்று ஆசனத்தின் வீட்டுக்காரி பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

தொழிற்சாலையிலோ, மேலாளர் வந்தால் தொழிலாளி எழுந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளே வந்தார், ஆசனம் எழுந்தார். மாமா நிற்கிறாரே என்று மாப்பிள்ளை உட்காரவில்லை. மாப்பிள்ளை நிற்கிறாரே என்று மாமா உட்காரவில்லை. கூடம் நிறைய நாற்காலிகள், நடுவே நட்டுவைத்த கம்பம் மாதிரி இரண்டு பேர். நாள் முழுக்க இதே கூத்து. முத்திரை விழாத நாற்காலிகள் கூரையைத் தொட்டன.

முதலாளிக்கு எந்த வியாதிக்கும் வகுப்புதான் மருந்து. ஆபீஸ் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஒரு மேடத்தை அழைத்து வந்தார்.

"மரியாதைன்னு எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டாதீங்க," என்றார் மேடம். "ரெஸ்பெக்ட்ங்கறது ஆளோட இடத்துக்குக் கொடுக்கறது. ஆளைத் தெரிஞ்சிருக்கணும்னுகூட இல்ல. எஸ்டீம்னா, ஆளை எடைபோட்டுப் பார்த்து, இவர் பெரிய மனுஷர்தான்னு நாமளே முடிவு பண்றது. டெஃபரன்ஸ்னா, நம்ம இஷ்டத்தை விட்டுட்டு அவருக்கு வழிவிடறது."

"லெட்டர் கடைசியில 'வித் ரிகார்ட்ஸ்'னு போடறாங்களே, அந்த ரிகார்டு?" என்று கேட்டார் ஆசனம்.

"அதுல அக்கறையும் சேர்ந்திருக்கும். அந்த ஆள் ஒருநாள் வரலேன்னா, ஏன் வரலேன்னு மனசு தேடணும்."

ஆசனத்துக்குச் சுருக்கென்றது.

முதலாளி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். ரெஸ்பெக்ட் என்றால் எழுந்து நிற்க வேண்டும். ரிகார்டு என்றால் பாதி எழுந்தால் போதும். எஸ்டீம் என்றால் உட்கார்ந்தபடி தலையசைக்கலாம். டெஃபரன்ஸ் என்றால் ஒதுங்கிவிட வேண்டும். யாருக்கு யார்மேல் எது என்று அவரவரே சொல்லிவிட வேண்டும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்று மேடம் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கணக்குப் பிரிவில் எல்லாரும் எல்லார்மேலும் டெஃபரன்ஸ் என்று சொல்லித் தொலைத்ததால், மறுநாள் லிஃப்டில் ஒரு ஈ காக்கை ஏறவில்லை. "நீங்க போங்க, நீங்க போங்க" என்றே மத்தியானம் ஆயிற்று. பேக்கிங்காரர் நல்ல மனசுக்காரர், ஊர்மேலெல்லாம் ரிகார்டு. பாதி எழுந்தபடியே வேலை பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளையிடமும் கேட்டார்கள், ஆசனத்தின்மேல் உங்களுக்கு என்ன என்று. "ரெஸ்பெக்ட்" என்றார் பட்டென்று. யோசிக்கக்கூட இல்லை.

அந்த வாரம் ஆசனம் மகள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"என்னங்க, அவர்தான் இத்தனை வருஷமா எழுந்து நிக்கிறாரே. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனும்தான் நிக்கிறான். நான் எப்ப கிளம்புவேன்னு நிக்கிறாரு. நான் போகலேன்னா தேடுவாரா?"

"தேடறதுக்கு நீங்க என்ன தொலைஞ்சுபோன சாவியா? பேசாம சாப்பிடுங்க."

பேக்கிங்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "எஸ்டீம்னு சொல்லிட்டு உட்கார்ந்தே இருங்களேன்."

"வாயைத் திறக்காத ஆளை எப்படிய்யா எடைபோடறது?" என்றார் ஆசனம். வேலையில் பொய் முத்திரை குத்திப் பழக்கமில்லை அவருக்கு.

முதலாளி பொறுமை இழந்தார். கூடத்துக்கு ஒரு மணல் மூட்டை வந்து சேர்ந்தது. ஆசனத்தின் எடைக்கு நிரப்பித் தைத்தது. "இவர் யாரைப் பார்த்தும் எழுந்திருக்க மாட்டார்," என்றார் முதலாளி. "நாளைக்கு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்காருங்க. மேலாளர் வரும்போது யார் எழாம இருக்கீங்களோ, வேலை அவங்களுக்கு."

காலையில் கூடமே கூடிவிட்டது. ஒரு நாற்காலியில் ஆசனம், அடுத்ததில் மூட்டை. இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டு, காலுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார் ஆசனம். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். பழகின கால் புத்தி கேட்குமா? விருட்டென்று எழுந்துவிட்டது. மூட்டை அசையவில்லை.

முதலாளி மூட்டையைத் தட்டிக்கொடுத்தார். "இன்னையிலேர்ந்து நீங்கதான்."

ஆசனம் முத்திரையை எடுத்து மூட்டையின்மேல் வைத்தார். வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். மாப்பிள்ளை கண்முன்னால், ஒரு சாக்கிடம் தோற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை விறுவிறுவென்று வந்தார். மூட்டையைத் தூக்கித் தரையில் கடாசினார். மாமனார் நின்றுகொண்டிருக்க, அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உட்காருங்க மாமா," என்றார். "இந்த வாரம் நீங்க வீட்டுக்கு வரல. தினமும் உங்க பொண்ணுகிட்ட கேட்டேன், மாமா ஏன் வரலேன்னு."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை."

"நின்னுகிட்டு எப்படி மாமா கேக்கறது?"

ஆசனம் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் மாப்பிள்ளை நெளிந்தார்.

"மாமா, இது ஆடுது."

"ஆமா. பின்கால் ஒண்ணு குட்டை. நீங்க உட்காரும்போதே பார்த்தேன்."

முதலாளி தரையில் கிடந்த மூட்டையைப் பார்த்தார். "ஆடுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார், மனசு விட்டுப்போய். முத்திரையை எடுத்துத் துடைத்து ஆசனத்திடமே கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆசனம் வீட்டுக்காரியோடு மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சோபாவில் இருந்தார். எழவில்லை. எழுந்துவிடாமலிருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "வாங்க மாமா" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

வீட்டுக்காரி ஆசனத்தின் காதைக் கடித்தாள். "எழுந்துகூட நிக்கல, பார்த்தீங்களா? மரியாதையெல்லாம் காத்துல போயிடுச்சு."

ஆசனம் அந்த இடத்தில் உட்கார்ந்தார். சாய்ந்தார், ஒருபக்கமாக ஒருக்களித்தார், கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். சோபா நன்றாகவே ஆடியது.

"சரி," என்றார்.