நிரு வெட்டிய வெள்ளரிக்காய்

ஃப்ரேசர் டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று விஜய்குமார் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது டோரீன் மிஸ்ஸிடமிருந்து போன் வந்தது.

"விஜய், பாப்பாவுக்கு விரல்ல வெட்டிக்கிச்சு. சின்னதுதான், ரத்தம் நின்னுடுச்சு. ஆனா நீங்க ஒரு தடவ வந்து பாத்துடுங்க."

கையைக்கூடத் துடைக்காமல் வண்டியை எடுத்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் பழைய வீட்டின் முன்கூடத்தில் டோரீன் மிஸ் மழலையர் பள்ளி நடத்திவந்தார். பதினெட்டுப் பிள்ளைகள். எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே செய்வார்கள் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். பாயைச் சுருட்டுவது, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, பத்து மணிக்குச் சாப்பிட வெள்ளரிக்காய் வெட்டுவது. அதெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கு என்றுதான் விஜய்குமார் நினைத்திருந்தான். அவன் மகள் நிருபமாவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இடது கை விரல்கள் சரியாக விரியாது. முயன்றால் பாதி விரியும், உடனே மூடிக்கொள்ளும்.

கூடத்தின் மூலையில், இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டரோடு நிரு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அந்தக் கையில புடிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்? தெரிஞ்சே கத்தி குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான் குடுத்தேன், விஜய். ஒரு மாசமா கேட்டுட்டே இருந்தா."

"கேட்டா குடுத்துடறதா? இனிமே அனுப்பல மிஸ்."

டோரீன் உள்ளே போனார். நிருவின் பையை எடுத்துவந்து அவளிடமே கொடுத்தார். விஜய்குமார் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவன் மனைவி தமயந்தி மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஜீவனஹள்ளியில் குடியேறிய அவர்களுக்கு இங்கே உறவென்று யாரும் இல்லை. பல் தேய்த்துவிடுவது, தலை பின்னுவது, பட்டன் போடுவது, ஊட்டுவது எல்லாம் அவன்தான். எட்டரைக்குள் கிளம்பியாக வேண்டும் என்பதால் எல்லாமே வேகமாக நடக்கும். அந்த வேகத்தில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்க்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று நாள் லீவு போட்டான். இரண்டாம் நாள் காலை இட்லியைப் பிட்டு நீட்டியபோது நிரு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"நான்."

"சிந்திடும்டா செல்லம். அப்பா ஊட்டறேன்."

"சிந்தினா தொடைக்கணும். அவ்ளோதான்," என்றாள், டோரீன் மிஸ்ஸின் குரலிலேயே.

அன்று மாலை தமயந்தி வீடியோ அழைப்பில் வந்ததும் நிரு பிளாஸ்டர் விரலைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனாள். "அம்மா, பாரு. நான் கட் பண்ணேன்." வெட்டிக்கொண்டேன் என்று அவள் சொல்லவில்லை. தமயந்தி அந்த விரலை உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, அவள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே வச்சிருக்கீங்களா? ஒரு நாள் நீங்களும் போய் உக்காந்து பாருங்களேன். நானா இருந்தா பாப்பேன், என்னாலதான் முடியலையே," என்றாள்.

நான்காம் நாள் போனான். டோரீன் ஒரு குட்டி நாற்காலியைச் சுவரோரம் போட்டார். "எழுந்து மட்டும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளைகளிடம் போய்விட்டார்.

நிரு அலமாரியிலிருந்து பலகையை வலது கையால் இழுத்து, மார்போடு அணைத்துத் தூக்கிவந்தாள். ஒரு ஈரத் துணியை மேசையில் விரித்து அதன்மேல் பலகையை வைத்தாள். நழுவாமல் இருக்கத்தான் என்பது பதினோரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்குப் பார்த்ததுமே புரிந்தது. வெள்ளரிக்காய் நீளவாக்கில் பாதியாகப் பிளக்கப்பட்டிருந்தது. தட்டைப் பக்கம் கீழே இருந்ததால் உருளவில்லை. நிரு இடது கையை விரிக்க முயலவேயில்லை. மூடிய முஷ்டியை அப்படியே காயின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, முனை மழுங்கிய சின்னக் கத்தியை முஷ்டியிலிருந்து தள்ளிக் காயில் வைத்தாள். முதல் தடவை கத்தி வழுக்கியது. விஜய்குமார் பாதி எழுந்துவிட்டான். அவள் பார்க்கவில்லை. நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க, மறுபடி வைத்தாள். ஒரு துண்டு விழுந்தது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் காகிதம். அவன் மெல்ல உட்கார்ந்தான். எட்டுத் துண்டு வெட்ட இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடம் தன் மகளைச் சும்மா பார்த்துக்கொண்டு இருந்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

டோரீன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு முழுக் காயா குடுத்தது என் தப்பு, விஜய். உருளும்னு நான் யோசிச்சிருக்கணும். அவளுக்குக் குடுத்தது தப்பில்ல."

"துணி, அந்தப் பாதிக் காயி... இதெல்லாம்?"

"வீட்ல நானும் எடது கைய மூடிக்கிட்டு மூணு நாளா வெட்டிப் பாத்தேன். எது சரியா வருதுன்னு." சிரித்துக்கொண்டே தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார். விரல் மூட்டுகளில் இரண்டு இடத்தில் பிளாஸ்டர். "நீங்க திரும்ப வருவீங்களோ மாட்டீங்களோ. வந்தா ரெடியா இருக்கணும் இல்ல?"

விஜய்குமாரால் அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அனுப்ப மாட்டேன் என்று கத்திவிட்டுப் போனவனின் பிள்ளைக்காக, அறுபது வயதில் ஒருத்தர் சமையலறையில் நின்று விரலை மடக்கிக்கொண்டு வெள்ளரிக்காய் வெட்டியிருக்கிறார்.

"மிஸ், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"பரவாயில்ல. டூட்டிக்கு லேட் ஆயிடும், கெளம்புங்க."

வெளியே வந்து வண்டியருகே நின்றான். வாசல் பக்கக் குழாயடியில் நிரு பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. அவனைப் பார்த்தாள். டாட்டா காட்ட அவளுக்குக் கை ஒழியவில்லை. ஒரு முறை தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முஷ்டியால் பலகையை அழுத்திக்கொண்டு, ஒட்டியிருந்த ஒரு பச்சைத் தோலைச் சுரண்டத் தொடங்கினாள்.