கொலுத் தாம்பாளத்தில் பத்து ரூபாய்ச் சீட்டு

கொலுவுக்கு வந்த சுமங்கலி எவளும் வெற்றிலைப்பாக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். தலைவலி என்பாள், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்பாள், ஆனாலும் தாம்பாளத்தை நீட்டினால் கையை நீட்டிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் எழுபத்து நாலாம் வருஷ நவராத்திரியில் நான் வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் நடுவே குக்கர் சீட்டைச் செருகிக் கொடுத்தேன். மங்கள சாமானோடு வந்ததைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. மறுநாள் காலை பத்து ரூபாயோடு வந்து நிற்பார்கள். இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. அப்போது எனக்கு அதில் பெருமை வேறு.

டில்லி லோதி காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸ். என் கணவர் வேதாந்தம் அப்பர் டிவிஷன் கிளார்க். விலைவாசி எகிறிக்கொண்டிருந்த வருஷம் அது. கூட்டிக் கொடுத்த பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய டெபாசிட் என்று சர்க்கார் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையில் போய் நின்றாலும் பாதி நாள் வெறும் டின்னோடு திரும்பினேன். அந்தச் சமயத்தில்தான் கரோல்பாக்கில் புதிதாக முளைத்த ஒரு கம்பெனிக்காரர் டையைக் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்தார். ஊரெல்லாம் மந்தம் என்றால் கடைக்காரன் ஈ ஓட்டுவான், நம் வியாபாரமோ அப்போதுதான் சூடு பிடிக்கும், சம்பளம் பற்றாத வீட்டுப் பெண்கள் எல்லோரும் சீட்டு விற்க வருவார்கள் என்று ஹிந்தியில் அழகாகப் பேசினார். வருவார்கள், சரி. எல்லோரும் விற்க வந்துவிட்டால் வாங்குவது யார்? அதை நான் கேட்கவில்லை. எனக்கும் சம்பளம் பற்றவில்லையே.

விஷயம் இதுதான். சீட்டு பத்து ரூபாய். வாங்கியவள் இன்னும் ஐந்து பேருக்கு ஐந்து சீட்டு விற்றுப் பணத்தைக் கம்பெனியில் கட்ட வேண்டும். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைப் பிடித்துக் கட்டிவிட்டால் முதலில் வாங்கியவளுக்கு ஒரு பிரஷர் குக்கர். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் குக்கர் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை?

நான் சீட்டு கொடுத்தவர்களில் ருக்மிணி மாமி ஒருத்தி. அவள் கணவர்தான் என் கணவருடைய செக்‌ஷன் ஆபீசர். இவருக்கு அசிஸ்டெண்ட் பதவி வருமா வராதா என்பது அவர் எழுதும் ரகசிய ரிப்போர்ட்டில் இருந்தது. மாமி நாலு பேரைப் பிடித்துவிட்டாள், அவர்களும் முட்டி மோதித் தங்கள் ஐந்தை முடித்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள்தான் அவளுக்குக் கிடைக்கவில்லை. காலனியில் சீட்டு வாங்காத தமிழ் வீடே இல்லை. "நீதானே தலையில கட்டினே, நீயே ஒரு ஆளப் பிடிச்சுக் கொடு" என்று தினமும் சாயங்காலம் வந்து நின்றாள்.

கொலுவின் ஐந்தாம் நாள், நாலு பேரோடு முடித்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்கக் கரோல்பாக் கம்பெனிக்குப் போனேன். மாடி அறையில் கூரையைத் தொடுகிற மாதிரி குக்கர் பெட்டிகள் அடுக்கியிருக்கும். உட்கார இடம் இல்லை என்று ஒரு பெட்டியை நகர்த்தினேன். அப்பளக்கட்டு மாதிரி கையோடு வந்தது. பக்கத்துப் பெட்டியைத் தொட்டேன், அதுவும் அப்படித்தான். மூன்று குமாஸ்தாக்கள் இருந்த இடத்தில் ஒரே ஒரு வயதான சர்தார்ஜி. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நாலு பெட்டியில்தான் சரக்கு இருக்கிறது, முதலாளி பம்பாய்க்குப் போய்விட்டார், எட்டாம் நாள் மாலை ஆறு மணிக்குள் யார் வரிசையை முடித்துக்கொண்டு வருகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் பூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். "உங்களுக்கும் வீட்டில் பெண் குழந்தை இருக்கும் பெஹன்ஜி, அதனால் சொன்னேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். என்னை நம்பின பெண்களை நினைத்தா? இல்லை. ருக்மிணி மாமிக்கு எப்படியாவது ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமே என்றுதான் நினைத்தேன். வெட்கமில்லாமல் இப்போது சொல்கிறேன்.

ஆறாம் நாள், பாத்திரம் தேய்க்க வந்த பொன்னியை முன்வாசல் வழியாக ஹாலுக்குக் கூப்பிட்டேன். மதராசி கேம்ப்பில் குடிசை போட்டிருப்பவள். புருஷன் ரோடு போடுகிற வேலை. நாலு வருஷமாகக் கொலுவுக்கு அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம் பின்கதவருகே ஒரு தொன்னைச் சுண்டல். அன்று பாயில் உட்கார வைத்தேன். குங்குமம் கொடுத்தேன். வெற்றிலைப்பாக்கு, மஞ்சள், தேங்காய், நடுவே சீட்டு. அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பத்து ரூபாயை அன்றே கொடுத்துவிட்டாள். மாமியின் ஐந்தாவது ஆளாக அவள் பெயரை எழுதிக்கொண்டேன். விற்பதற்கு ஐந்து சீட்டை அவள் கையில் திணித்து, எட்டாம் நாள் நாலு மணிக்குள் பணத்தோடு வந்துவிடு என்றேன்.

எட்டாம் நாள் மூன்று மணியிலிருந்தே ருக்மிணி மாமி வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணிக்குள் கட்டினால்தான் குக்கர் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு அடித்தது. நாலேகால். நான் தாம்பாளத்துத் தேங்காயை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பொன்னி வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றும், வந்து தொலைய வேண்டுமே என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

நாலரைக்கு மூச்சு வாங்க வந்தாள். கேம்ப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"அஞ்சு பேரும் குடுத்துட்டாங்கம்மா. செங்கம்மாதான் மாட்டவே மாட்டேன்னா. கம்பெனியாவது ஒண்ணாவது, ஓடிப்பூடுவானுங்கன்னா. நான் உட்டனா? அம்மா என்னை ஹால்ல ஒக்கார வச்சு, வெத்தலயோட குடுத்த சீட்டுடி இது, இதுல பொய் இருக்குமான்னு கேட்டேன். ஒடனே அவுத்துக் குடுத்துட்டா. செங்கல்லு சொமந்த கூலிம்மா."

"அச்சா, வந்துட்டாளோல்லியோ? வாங்கிண்டு கெளம்பு, ஜல்தி" என்று மாமி எழுந்தாள். "வாசல்ல ஸ்கூட்டர் ரிக்ஷா நிக்கறது. அரை மணியில போயிடலாம்."

நான் கையை நீட்டிவிட்டேன். முடிச்சு உள்ளங்கையில் விழுந்தும் விட்டது. உடம்புச் சூடு ஏறி, ஈரமாக இருந்தது அந்தத் துணி. இதில் பொய் இருக்குமா என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது. செங்கம்மாள் என்னை நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. அந்த வெற்றிலையைத்தான் நம்பியிருக்கிறாள்.

"பொன்னி, இதைத் திரும்ப முடிஞ்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. "ஏம்மா? எங்க ஆளுங்க காசுன்னா ஆவாதா?"

"அய்யோ, அது இல்லடி. குக்கர் வராது. உனக்கும் வராது, செங்கம்மாளுக்கும் வராது. அங்க இருக்கறது நாலே நாலு. மத்ததெல்லாம் காலிப் பெட்டி. கம்பெனி இன்னியோட மூடறது."

மாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் இறங்கியது. "நாலு இருக்கோல்லியோ? அதுல ஒண்ணு நேக்கு வந்துட்டுப் போறது. அவா சமாச்சாரத்த அப்பறம் பாத்துக்கலாம். பணத்த எடு."

"அவா கூலியை எடுத்து உங்களுக்குக் குக்கர் வாங்கித் தர என்னால முடியாது மாமி."

"யோசிச்சுண்டுதான் பேசறயா? வேதாந்தத்துக்கு இது நல்லதில்லே."

"யோசிச்சாச்சு."

பொய். யோசித்திருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன். மாமி செருப்பைத் தேடினாள். பழக்கதோஷம், நான் தாம்பாளத்தை நீட்டினேன். அத்தனை கோபத்திலும் அவள் வெற்றிலைப்பாக்கை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள். அந்த வருஷம் இவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. சீட்டு வாங்கின மற்றவர்கள் ஒரு மாசம் என் வாசலில் ஏறி இறங்கினார்கள். அதெல்லாம் நான் பட வேண்டியதுதான், பட்டேன்.

ஹாலில் நானும் பொன்னியும்தான். அவள் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று எனக்குள் லேசாக ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. அழுதுவிடுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு இது எப்பம்மா தெரியும்?"

இன்று மத்தியானம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"அஞ்சாம் நாள்" என்றேன்.

பொன்னி கொலுப்படிகளைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே எதையோ கணக்குப் போட்டாள்.

"என்னை உள்ள கூப்ட்டு ஒக்கார வச்சது ஆறாம் நாளும்மா."

பீரோவிலிருந்து அவளுடைய பத்து ரூபாயை எடுத்து வந்தேன். வெறுங்கையால் கொடுக்க மனம் வரவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பெரிய தேங்காயாகப் பார்த்து ஒன்று, அதன் அடியில் நோட்டு. "எடுத்துக்கோ பொன்னி" என்று இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவள் வெற்றிலையை ஒரு விரலால் ஒதுக்கினாள். நோட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். முன்வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் சமையலறைக்குள் நுழைந்து, பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.